செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்!

அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். நியூயார்க்கில் எங்கோ ஓர் அறை. எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே போகிறவர்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியுலகத் தொடர்பு கிடையாது. அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டுமா? தாராளமாகப் போகலாம், கூடவே ஒரு காவல் ஆளும் வருவார்!

உள்ளே இருப்பவர்கள் கைதிகள் இல்லை, டிவிக்காரர்கள். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என் ஆகிய நிறுவனங்களிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். நாடு முழுக்க வாக்குச்சாவடி வாசல்களில் நடத்தப்படுகிற எக்ஸிட் போல் முடிவுகள் இந்த அறைக்குத்தான் முதலில் வந்து விழுகின்றன. மக்கள் இன்னும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் முன்னால் உள்ள திரையில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது எண்களாக ஓடுகிறது. மாலை 5 மணிக்குத்தான் கதவு திறக்கும். அதுவரை மனைவிக்குக்கூட மூச்சு விட முடியாது. நினைத்தாலே எனக்கு வயிற்றுக்குள் ஜிவ்வென்கிறது. எல்லோருக்கும் முன்பாக எல்லாம் தெரியும், ஆனால் சொல்ல முடியாது!

இத்தனை கெடுபிடி எதற்கு? எல்லாம் 2004-இல் பட்ட பாடு. அன்று மதியத்து எண்கள் கசிந்து இணையம் முழுக்கப் பரவின. அதிபர் வேட்பாளர் ஜான் கெரி முன்னிலை என்று ஊரே பேசியது. கெரியின் ஆலோசகர் பாப் ஷ்ரம், முந்திக்கொண்டு அவரை ‘மிஸ்டர் பிரசிடெண்ட்’ என்று அழைத்தே விட்டார். ராத்திரி ஜெயித்தவர் ஜார்ஜ் புஷ். அடுத்த தேர்தலான 2006-இல் இந்த அறைக்குப் பூட்டு வந்தது.

நம் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். டிவிக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நம் ஊரில் வாக்கு எண்ணிக்கை அன்று காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில் ஆரம்பித்து, இயந்திரத்துக்கு வந்து, ரவுண்டு ரவுண்டாகத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறுகிறது. எந்த நிபுணர் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை ஆணையத்துடையது. அமெரிக்காவில் அப்படி நாடு முழுவதற்கும் சேர்த்து முடிவு அறிவிக்கிற ஆணையம் கிடையாது. 50 மாநிலங்கள், நம் மாவட்டம் மாதிரி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கம், தனி வேகம். அதிகாரபூர்வச் சான்றிதழ் வர வாரக்கணக்கில் ஆகும். மாநிலந்தோறும் மக்கள் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்கள் டிசம்பரில் வாக்களித்து, ஜனவரி 6-ஆம் தேதி நாடாளுமன்றம் எண்ணி முடித்தால்தான் சட்டப்படி முடிவு.

அப்படியென்றால் தேர்தல் ராத்திரியே ‘இவர்தான் அதிபர்’ என்று உலகத்துக்குச் சொல்வது யார்? செய்தி நிறுவனங்களில் வேலை பார்க்கும் புள்ளியியல்காரர்களும் தேர்தல் ஆய்வாளர்களும்தான்! அசோசியேட்டட் பிரஸ் 1848-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. தேர்தல் ராத்திரியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர நிருபர்கள் கவுண்டி அலுவலகங்களில் காத்திருந்து எண்களைப் போனில் சொல்கிறார்கள். அதை வாங்கிப் பதிய ஒரு படை, பதிந்ததில் ஏதாவது விபரீதமாக இருக்கிறதா என்று சரிபார்க்க இன்னொரு படை.

இந்த நிபுணர்களின் கதையில் எனக்கு மிகப் பிடித்த கதாபாத்திரம் ஓர் இயந்திரம். 1952 நவம்பர் 4. சிபிஎஸ் தொலைக்காட்சி, ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் யூனிவாக் கணினியை நிபுணராக அமர்த்தியது. நியூயார்க் ஸ்டுடியோவில் சார்லஸ் காலிங்வுட் ஒரு பிரமாண்டமான பலகை முன் உட்கார்ந்திருக்கிறார். விளக்குகள் மினுக் மினுக்கென்று எரிகின்றன. பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கிறது. ஆனால் அந்தப் பலகை வெறும் டூப்பு! கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி சும்மா எரிந்து அணைகிற விளக்குகள்தான் அதில் இருந்தன. உண்மையான யூனிவாக் பிலடெல்பியாவில் இருந்தது. ஸ்டுடியோவுக்குள் கொண்டுவரக்கூடிய உருப்படியா அது?

வேடிக்கை இனிமேல்தான். அன்றைக்குக் கருத்துக்கணிப்பாளர்கள் எல்லோரும் ஐசன்ஹோவருக்கும் ஸ்டீவன்சனுக்கும் கடும் போட்டி என்றார்கள். யூனிவாக்கோ ராத்திரி ஆரம்பத்திலேயே, எண்ணப்பட்ட கொஞ்சம் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஐசன்ஹோவருக்கு 438 தேர்வாளர் வாக்குகள், ஸ்டீவன்சனுக்கு 93 என்று கக்கியது. ஐசன்ஹோவர் ஜெயிக்க ஒன்றுக்கு நூறு என்ற கணக்கில் வாய்ப்பு. பொறியாளர்களுக்கு வியர்த்துவிட்டது. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? கணிப்பை அமுக்கிவிட்டு, சூத்திரத்தைத் திருகி, கடும் போட்டி என்று வருகிற மாதிரி வேறு எண்ணைக் கொடுத்தார்கள். ராத்திரி ஏற ஏற, ஐசன்ஹோவர் வாரிக் குவிக்கிறார். கடைசியில் ரெமிங்டன் ராண்டின் ஆள் கேமரா முன் வந்து, மெஷின் முதலிலேயே சரியாகச் சொன்னது, நாங்கள்தான் நம்பவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இறுதி எண்ணிக்கை 442-க்கு 89. சரியாகச் சொன்ன நிபுணரை ஒளித்து வைத்துவிட்டு, மினுக்கு விளக்கை மட்டும் காட்டினார்கள்! இந்த வழக்கம் தொலைக்காட்சியை விட்டு இன்றுவரை முழுசாகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய யூனிவாக்குகள் உட்காரும் இடத்துக்கு டெசிஷன் டெஸ்க் என்று பெயர். ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் ஒன்று உண்டு. கேமரா வெளிச்சம் படாத அறை. அரசியல் அறிவியல் பேராசிரியர்கள், புள்ளியியல்காரர்கள், ஒவ்வொரு மாநிலத்தின் கவுண்டிகளையும் தலைகீழாக ஒப்பிக்கிற ஆய்வாளர்கள். எந்தக் கவுண்டி எப்போது எண்ணி முடிக்கும், அங்கே தபால் ஓட்டை முதலில் எண்ணுவார்களா கடைசியிலா, போன தடவை யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் விரல் நுனியில். ஒரு மாநிலத்தை ஒருவருக்கு அறிவிக்க வேண்டுமானால் 99.5 சதவீத நிச்சயம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதாவது இருநூறு அறிவிப்பில் ஒன்று தப்பலாம், அதற்கு மேல் கூடாது. சில நிறுவனங்களில் டெஸ்க் ஆட்களுக்குப் போட்டி சானல்களின் அறிவிப்பு கண்ணில் படாதபடி மறைத்துவிடுகிறார்கள். அடுத்தவன் சொல்லிவிட்டானே என்று கை பரபரக்கக் கூடாதே!

அந்தந்த மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும் முன் முடிவைச் சொல்வதில்லை என்பது இன்னொரு கட்டுப்பாடு. 1980-இல் என்பிசி கிழக்குக் கரை நேரப்படி ராத்திரி 8:15-க்கே ரீகன் வென்றார் என்று அறிவித்துவிட்டது. மேற்கே கலிபோர்னியாவில் அப்போது சாயங்காலம், ஜனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய ரகளை. பிறகுதான் டிவி நிறுவனங்கள் நாடாளுமன்றத்திடம் வாக்குக் கொடுத்தன.

சரி, எல்லாரும் காத்திருக்கும் கதைக்கு வருவோம். புளோரிடா, 2000!

அன்று டெசிஷன் டெஸ்குகள் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது வோட்டர் நியூஸ் சர்வீஸ் என்ற ஒரே கூட்டமைப்பு. ஆறு நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு. பார்வையாளர் ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஆறு இடத்தில் நிபுணர்கள் ஒரே முடிவைச் சொல்வதுபோல் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோருடைய திரையிலும் ஒரே எண்தான்.

ராத்திரி 8 மணியை நெருங்கும்போது ஒவ்வொன்றாகப் புளோரிடாவை அல் கோருக்கு அறிவித்தன. அந்த மாநிலத்தின் மேற்குக் கோடியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அங்கே வாக்குச்சாவடி இன்னும் மூடவில்லை என்பதைக்கூட அவசரத்தில் மறந்துவிட்டார்கள். பத்து மணி வாக்கில், மன்னிக்கவும், வாபஸ். என்பிசி அரங்கில் டிம் ரஸ்ஸர்ட் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் மார்க்கரால் ‘புளோரிடா, புளோரிடா, புளோரிடா’ என்று எழுதிக் காட்டினார். கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த கிராபிக்ஸ் எதையும் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அந்தக் கைப்பலகை மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது.

நள்ளிரவு தாண்டியது. வலூஸியா என்ற கவுண்டியிலிருந்து ஒரு எண் வந்து சேர்ந்திருந்தது. ஒரே ஒரு வாக்குச்சாவடியில் அல் கோருக்குக் கிடைத்த ஓட்டு மைனஸ் 16,022. ஆமாம், மைனஸ்! ஓட்டு எண்ணும் மெமரி கார்டு செய்த கோளாறு. பின்னால் திருத்தப்பட்டது, ஆனால் அதற்குள் எதிர்வேட்பாளர் புஷ்ஷின் முன்னிலை கணக்கில் ஊதிப் பெருத்துவிட்டது. அதிகாலை 2:16-க்கு பாக்ஸ் நியூஸ் புளோரிடாவையும் அதோடு நாட்டையும் புஷ்ஷுக்கு அறிவித்தது. அந்த நிறுவனத்தின் டெஸ்கில் அன்று தலைமை வகித்தவர் ஜான் எல்லிஸ். யார் இவர்? ஜார்ஜ் புஷ்ஷின் சொந்த அத்தை மகன்! அன்று ராத்திரி புஷ் சகோதரர்களோடு போனில் பேசிக்கொண்டும் இருந்தார். இதைக் கதையாக எழுதினால் ஆசிரியர் நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

நான்கே நிமிடத்தில் மற்ற சானல்களும் புஷ் என்றன. அசோசியேட்டட் பிரஸ் மட்டும் அசையவில்லை. அவர்களுடைய ஆட்கள் தனியாகவும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது அவர்களுக்குத் தெரிந்தது. கோருக்குத் தெரியவில்லை. அவர் டிவியை நம்பிப் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு பேச நாஷ்வில் நகரில் காரில் போய்க்கொண்டிருக்கிறார். மழைத் தூறல். உதவியாளரின் பேஜர் துடிக்கிறது. தலைவரை மேடை ஏற விடாதீர்கள், கணக்கு மாறுகிறது! மேடைக்குச் சில அடி தூரத்தில் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். இரண்டாவது போன். சொன்ன வாழ்த்தை வாபஸ் வாங்கிக்கொண்ட போன். நான்கு மணி வாக்கில் சானல்களும் இரண்டாவது முறையாகப் பின்வாங்கின. ஒரே மாநிலத்தில், ஒரே ராத்திரியில், இரண்டு பேருக்குமே தப்பாக அறிவித்த பெருமை வேறு யாருக்கு வரும்? 36 நாள் வழக்காடி முடிந்தபோது வித்தியாசம் 537 ஓட்டு. வோட்டர் நியூஸ் சர்வீஸ் 2002-இலும் சொதப்பி, 2003 ஜனவரியில் கடையை மூடியது.

இப்போது காரிடாரில் ஒரு நடை. 2012, நவம்பர் 6, பாக்ஸ் நியூஸ். ஓஹாயோ மாநிலத்தை ஒபாமாவுக்கு அறிவித்தது அந்த நிறுவனத்தின் சொந்த டெஸ்க். அரங்கில் நிபுணராக உட்கார்ந்திருந்த கார்ல் ரோவ் ஒப்புக்கொள்ள மறுத்தார். அவசரம், இன்னும் ஓட்டு இருக்கிறது என்று வாதாடினார். இவர் புஷ்ஷின் முன்னாள் ஆலோசகர், அதோடு எதிர்வேட்பாளர் ராம்னிக்கு ஆதரவாகப் பல கோடி திரட்டிய அமைப்பின் மூளை. என்ன செய்வது? தொகுப்பாளர் மேகின் கெல்லி எழுந்தார். ஹை ஹீல்ஸ் டக் டக்கென்று ஒலிக்க, நேரலையில், கேமரா பின்தொடர, காரிடார் வழியாக நடந்து அந்த மறைவான அறைக்கே போய்விட்டார்! உள்ளே டெஸ்கைச் சேர்ந்த ஆர்னன் மிஷ்கின், கிறிஸ் ஸ்டையர்வால்ட். எவ்வளவு நிச்சயம் என்றார் கெல்லி. 99.95 சதவீதம் என்றார்கள். ஓஹாயோவில் ஒபாமா சுமார் 3 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த வீடியோவை எப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். நிபுணர் என்ற ஒரே பட்டத்தோடு ஒரே நிறுவனத்தில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் கட்சிக்காக ஆசைப்படுகிறார், இன்னொருவர் கவுண்டி கவுண்டியாகக் கூட்டுகிறார். வழக்கமாக முதல் ஆளுக்கு மேக்கப், மைக், நாற்காலி எல்லாம் கிடைக்கும். இரண்டாவது ஆளைப் பார்க்கக் காரிடார் முழுக்க நடக்க வேண்டும்.

முதல் வகையைப் பற்றி இன்னொரு வரி. 2016-இல் சிஎன்என் அரசியல் விமர்சகராக நியமித்த கோரி லெவாண்டௌஸ்கி, சில நாள் முன்புவரை டிரம்ப் பிரசாரத்தின் மேலாளர். விமர்சகரான பிறகும் அந்தப் பிரசாரத்திலிருந்து அவருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. நம் டிவி விவாதத்தில் ‘அரசியல் நோக்கர்’ என்ற பட்டையைப் பார்த்ததும், எந்தக் கட்சியை நோக்குகிறவர் என்று வீட்டில் பந்தயம் கட்டுகிறோமே, அந்த விளையாட்டை அமெரிக்காவிலும் தாராளமாக ஆடலாம்.

மிஷ்கினுக்கு இதைவிடப் பெரிய ராத்திரி 2020-இல் காத்திருந்தது. நவம்பர் 3, இரவு 11:20. அரிசோனா பைடனுக்கு என்று பாக்ஸ் டெஸ்க் அறிவித்தது, வேறு யாருமே தொடாத நேரத்தில். வரைபடத்தின் முன் நின்ற தொகுப்பாளர் பில் ஹெம்மருக்கே அது அதிர்ச்சி, திரையில் அரிசோனா நிறம் மாறியதைப் பார்த்து அசந்து போனார். வெள்ளை மாளிகை கொதித்தது. போன்கள் பறந்தன. மிஷ்கினைத் திரைக்கு இழுத்து வந்து கேட்டார்கள். திரும்பப் பெறப் போவதில்லை என்றார். அசோசியேட்டட் பிரஸ் அதிகாலை 3 மணிக்குச் சற்று முன் அதே முடிவுக்கு வந்தது. மற்றவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குள் முன்னிலை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பைடன் ஜெயித்தது 10,457 ஓட்டில்.

இங்கே எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. அறிவிப்பு சரியாக வந்தது, மிஷ்கினின் துணிச்சலும் பிரமாதம். ஆனால் பத்தாயிரம் ஓட்டில் தொங்கிய மாநிலத்தை 99.5 சதவீத நிச்சயத்தோடு அன்று ராத்திரியே சொல்லியிருக்க முடியுமா? முடிவு சரியென்பதால் நேரமும் சரியென்று ஆகிவிடாது. அதற்காக அந்த டெஸ்க் பட்டது வேறு வகை அடி. ஸ்டையர்வால்டுக்கு 2021 ஜனவரியில் வேலை போயிற்று. 2022-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் போய் நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார். மிஷ்கின் தங்கினார். 2024 நவம்பர் 6, அதிகாலை 1:47. பெரிய சானல்களில் எல்லோருக்கும் முன்பாக டிரம்ப் ஜெயித்தார் என்று அறிவித்தது அதே டெஸ்க், அதே மிஷ்கின்! அசோசியேட்டட் பிரஸ் 5:34 வரை பொறுத்திருந்தது. இந்த முறை அவசரப்பட்டுவிட்டார்கள் என்று டிரம்ப் தரப்பில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஆச்சரியம்தான்.

கருத்துக்கணிப்பாளர்களின் கதை தனி. அயோவா மாநிலத்தில் ஆன் செல்ஸர் சொன்னால் அது அருள்வாக்கு என்றிருந்தது. 2008-இல் அங்கே நடந்த கட்சித் தேர்வில் ஒபாமா ஜெயிப்பார் என்று அவர் சொன்னபோது பலர் சிரித்தார்கள், ஒபாமா ஜெயித்தார். அதனால் 2024 தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, டெ மாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையில் அயோவாவில் கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று அவர் கணிப்பு வெளியானதும் அமெரிக்கச் செய்தியறைகளில் பூகம்பம். டிவி முழுக்க அதே பேச்சு. டிரம்ப் அங்கே ஜெயித்தது 13 புள்ளியில்! செல்ஸர் விலகிக்கொள்வதாகச் சொன்னார், விலகும் முடிவு முன்பே எடுத்தது என்றும் சொன்னார். டிரம்ப் அவர் மேல் வழக்கே போட்டார். நம் பக்கம் அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளில், ஆக்சிஸ் மை இந்தியாவின் பிரதீப் குப்தா நேரலையில் அழுததை எல்லோரும் பார்த்தோம். தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை என்று அவர் சொல்லியிருந்தார், வந்தது 293. ஒரு கணிப்பாளர் வழக்கு வாங்குகிறார், இன்னொருவர் கண்ணீர் விடுகிறார். அரங்கில் கூடவே உட்கார்ந்து அதே எண்ணை வைத்து ஆறு மணி நேரம் பேசியவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

கடைசியாக, ஜிகினா! நிபுணர் நட்சத்திரமாகிற இடம் இதுதான். சிஎன்என்-இல் ஜான் கிங் 2008-இலிருந்து தொட்டால் விரிகிற ‘மேஜிக் வால்’ முன் நின்று கவுண்டிகளைக் கையால் தள்ளிப் பெரிதாக்குகிறார். எம்எஸ்என்பிசியில் ஸ்டீவ் கோர்னாக்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, கழுத்து டை ஆட, காக்கி பேண்டில் நாள் கணக்கில் ஓட்டுக் கணக்குப் போட்டார். 2020-இல் அந்தக் காக்கி பேண்டுக்கே ரசிகர் பட்டாளம்! பீப்பிள் பத்திரிகை தன்னுடைய கவர்ச்சி ஆண்கள் இதழில் அவரைச் சேர்த்துவிட்டது. மிச்ச ஓட்டு எந்தக் கவுண்டியில் என்று கூட்டிச் சொன்னதற்கு இந்தப் பரிசு. சமூக ஊடகத்தில் குக் அரசியல் அறிக்கையின் டேவ் வாஸர்மேன் ‘போதுமான அளவு பார்த்துவிட்டேன்’ என்று எழுதினால் போதும், அந்தத் தொகுதி முடிந்தது என்று ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விழித்திருப்பார்கள்.

இவர்களையெல்லாம் மிஞ்சியது நியூயார்க் டைம்ஸின் ஊசி. வெற்றி வாய்ப்பைக் காட்டும் அரைவட்ட மீட்டர். 2016 ராத்திரி ஹிலாரி பக்கம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்த ஊசி மெல்ல மெல்ல டிரம்ப் பக்கம் சாய்ந்தது. அதுகூடப் பரவாயில்லை, அது நடுங்கிக்கொண்டே சாய்ந்தது. ஒவ்வொரு நடுக்கமும் புதிதாக வந்த ஓட்டு என்று நினைத்து ஜனங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் அது வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வைத்த நடுக்கம். கணிப்பு நிச்சயமில்லாதது என்பதைக் காட்டத் தற்செயல் எண்களைக் கொண்டு ஆட்டிவிட்டார்கள். நிச்சயமின்மையைப் பத்தி பத்தியாக எழுதினால் யாரும் படிப்பதில்லை, ஊசி ஆடினால் ஊரே பதறுகிறது. திட்டு வாங்கினாலும் அது நேர்மையான யோசனை என்றே நான் சொல்வேன்.

2024-இல் ஊசிக்கு வேறு கண்டம். தேர்தலுக்கு முந்தைய நாள் நியூயார்க் டைம்ஸின் மென்பொருள் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊசி வருமா என்பதே நிச்சயமில்லை என்று பத்திரிகையே அறிவித்தது. அதாவது நிச்சயமின்மையைக் காட்டுகிற கருவியே நிச்சயமில்லை! ஊழியர்கள் வாசகர்களிடம் வைத்த கோரிக்கை இன்னும் ருசியானது. தேர்தல் செய்தியைத் தாராளமாகப் படியுங்கள், எங்கள் போராட்டம் முடியும்வரை எங்கள் வேர்டில் என்ற சொல் விளையாட்டை ஆடாதீர்கள், எங்கள் சமையல் குறிப்பைத் தொடாதீர்கள். மேலே ஆசிரியர் குழு நிபுணர்கள் எண்களோடு மல்லுக்கட்ட, மறியலில் ஊழியர்கள் கோஷம் போட, ஊசி எப்படியோ ராத்திரி வந்து சேர்ந்தது. அன்று எத்தனை பேர் வேர்டிலைத் தொடாமல் இருந்தார்கள் என்பதற்கு எந்த எக்ஸிட் போலும் எடுக்கப்படவில்லை.